பதினொரு பேர் போதும், வகுப்பை மூடாதீர்கள்

சேலத்தில் நான் படித்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் நிர்வாகக் குழுவுக்கும், அதை நடத்தும் கிறிஸ்தவச் சபையின் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்களிடம் 2010 முதல் 2012 வரை படித்தவள். தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஆவதற்கான இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு. அப்போது அதற்கு டி.டி.எட். என்று பெயர், இப்போது டி.எல்.எட். ஊரில் இன்றும் 'டீச்சர் ட்ரெய்னிங்' என்றுதான் சொல்கிறார்கள். கல்லூரியின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. உங்களைச் சந்தியில் நிறுத்துவது என் எண்ணமில்லை. நாலு வரி படித்ததுமே யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு ஏன் ஊரறிய எழுதுகிறேன் என்றால், இதே யோசனையில் இருக்கும் நிர்வாகங்கள் வேறும் இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும்.

சென்ற மாதம் எங்கள் தமிழ் மிஸ் போன் செய்தார்கள். 50 இடத்துக்கு இந்த முறை 11 பேர்தான் சேர்ந்திருக்கிறார்களாம். வரும் ஆண்டு சேர்க்கை வேண்டாம், இவர்கள் முடித்துப் போனதும் மூடிவிடலாம், கட்டடத்தை மேல்நிலைப் பள்ளிக்குக் கொடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு நடக்கிறது என்றார்கள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். என்னாலும் பேச முடியவில்லை. அன்று இரவே எழுத உட்கார்ந்தேன், இப்போதுதான் முடிகிறது.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. 50 பேர் சேர்ந்தாலும் 11 பேர் சேர்ந்தாலும் விரிவுரையாளர்களும் நூலகமும் விதிப்படி இருந்தாக வேண்டும். 11 பேர் கட்டும் பணத்தில் அதை நடத்த முடியாது. பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்பதும் தெரியும். நாங்கள் படிப்பை முடித்த 2012-இல்தான், ஜூலை மாதம், தமிழ்நாட்டில் முதல் டெட் தேர்வு, அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, நடந்தது. எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் சீனியாரிட்டிப்படி வேலை வரும் என்று இருந்த வீடுகளில் அன்றைக்கே நம்பிக்கை போய்விட்டது. நான் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நடந்த தேர்வில் தேறி 2014-இல் வேலைக்கு வந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் பட்ட பாடு பெரிது. டெட் தேறியவர்களும் இன்னொரு நியமனத் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்ததோ 2024 ஜூலையில். நடுவில் எத்தனை பெண்கள் ஜவுளிக்கடைக்கும் செல்போன் கடைக்கும் வேலைக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியும், எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள். 2009 ஜூனுக்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுத் தெருவில் உட்காருவதை டிவியில் பார்க்கிற எந்த அம்மா மகளை இந்தப் படிப்புக்கு அனுப்புவாள்?

அதனால் 11 பேர் வந்தது குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் 11 பேர் வந்திருக்கிறார்களே என்றுதான் தோன்றுகிறது. மிஸ்ஸிடம் கேட்டேன். அதில் நாலு பேர் மலையிலிருந்து வந்தவர்கள், அந்த நாலு வீட்டிலும் பிளஸ் டூ தாண்டிய முதல் ஆள் இவர்கள்தான்.

குழுவில் யாரோ, 'எப்படியும் இந்தப் பட்டயப் படிப்பு போகப்போகிறது, 2030-க்குள் எல்லாம் நான்காண்டு பி.எட். ஆகிவிடும்' என்றார்களாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை அப்படிச் சொல்வது உண்மைதான். அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை என்பதும் உண்மை. சரி, அது எப்படியோ போகட்டும். இன்றைக்கு இருக்கும் நிலைமை என்ன? பி.எட். படித்தவர்கள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை நடத்தத் தகுதியானவர்கள் ஆகமாட்டார்கள் என்று 2023 ஆகஸ்ட் 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பது தனி வித்தை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் கல்லூரி இத்தனை ஆண்டுகளாகச் செய்துவந்த வேலைக்கு நாட்டின் பெரிய நீதிமன்றமே மதிப்புக் கொடுத்திருக்கிற நேரத்தில் நீங்கள் கதவைச் சாத்தப் பார்க்கிறீர்கள்.

அந்தத் தனி வித்தை என்ன என்பதை நான் உங்கள் கல்லூரியில் ஒரே ஒரு பாடவேளையில் தெரிந்துகொண்டேன். முதலாம் ஆண்டு, மழைக்காலம். நாங்கள் 18 பேர். கணக்கு சார் உள்ளே வந்து, பேசாமல் கரும்பலகையில் க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்று ஒன்பது தமிழ் எண்களை எழுதினார். ஒன்றிலிருந்து ஒன்பது வரை இதுதான், ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்யுங்கள் என்றார். பிறகு அதை அழித்துவிட்டு 'ரு + எ எவ்வளவு?' என்று கேட்டார். பிளஸ் டூவில் கணிதம் எடுத்து நல்ல மார்க் வாங்கியவர்கள் எங்களில் இருந்தார்கள். ஒருவருக்கும் வாயில் வரவில்லை. எல்லோரும் மேசைக்கு அடியில் விரலை மடக்கினோம். சிலர் ரு என்பது ஐந்தா ஆறா என்றே குழம்பினார்கள். சார் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்றார். என்னிடம் வந்தபோது 'அ' என்றால் எட்டு என்று எனக்கு நினைவு வரவில்லை. அது எழுத்தாயிற்றே, எண் எப்படி ஆகும் என்று மனசு அடம்பிடித்தது. கடைசியில் சார் சொன்னார்: 'ஒண்ணாம் வகுப்புல உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு 5 + 7 இப்படித்தாம்மா இருக்கும். இது கூடவா தெரியலன்னு எப்பவாவது கேட்கத் தோணுச்சுன்னா, இன்னிக்கு நீ விரலை மடக்கினதை நினைச்சுக்கோ.'

11 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது நான் வேலைக்கு வந்து. அந்தக் கேள்வியை ஒரு குழந்தையிடமும் இதுவரை கேட்டதில்லை. 18 பேர் என்பதால்தான் சாரால் ஒவ்வொரு மேசைக்கும் வர முடிந்தது. நூறு பேர் உட்கார்ந்த மண்டபத்தில் இது நடக்காது, வீடியோவிலும் நடக்காது.

எங்கள் வீடு அம்மாப்பேட்டையில். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தார், கூலித் தறி. காலையில் தார் சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் நான் கல்லூரிக்குக் கிளம்புவேன். கட்டணம் கட்ட முடியாமல் இரண்டாம் பருவத்தில் நின்றுவிடலாம் என்று இருந்தபோது, அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு மூன்று தவணையாகக் கட்டச் சொன்னீர்கள். எங்களது இந்து வீடு. காலை ஜெபத்துக்கு எல்லோரோடும் நானும் உட்காருவேன். அந்த இரண்டு ஆண்டில் ஒருவரும் என் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சபைகள் நடத்தும் கல்லூரிகளைப் பற்றி வெளியில் சிலர் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்வேன். இங்கேயும் சொல்லிவைக்கிறேன்.

இனி மனசில் இருக்கும் குறையையும் சொல்லிவிடுகிறேன். நன்றி மட்டும் சொன்னால் இந்த மடல் பாதிதான் உண்மையாக இருக்கும்.

கற்பித்தல் பயிற்சிக்கு எங்களை எங்கே அனுப்பினீர்கள்? சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் ஆங்கில வழிப் பள்ளிக்கு. ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள், ஷூ, டை, வகுப்புக்கு ஓர் ஆசிரியர். அதற்காக நாங்கள் இரவெல்லாம் தெர்மாகோலில் எரிமலை வெட்டினோம். ரெக்கார்டு நோட்டுக்கு பார்டர் போட்டோம், ஜிகினா ஒட்டினோம். பாடக்குறிப்பில் 'ஆர்வமூட்டல்' என்ற தலைப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, எந்த நிற மையில் எழுதியிருக்கிறது என்று பார்த்தவர்கள்கூட உண்டு. அந்த நாட்களில் அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் நடந்துகொண்டிருந்தது. ஏணிப்படி, அட்டைகள், பாயில் குழுவாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளைகள். நாலு வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் அவரவர் படியில் நிற்பார்கள். அந்த அட்டையை நான் முதன்முதலில் கையில் எடுத்தது வேலைக்கு வந்த பிறகுதான்.

எனக்குப் பணி கிடைத்தது ஏற்காடு ஒன்றியத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. மலையில் அநேகப் பள்ளிகள் அதற்குள் அடங்கிவிடும். நான் சேர்ந்த மூன்றாம் நாள் தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குக் கீழே போய்விட்டார். ஐந்து வகுப்பு, இரண்டு அறை, நான் ஒருத்தி. ஒன்றாம் வகுப்புக்கு 'அ' எழுதிக்காட்டிவிட்டு நிமிர்ந்தால் நான்காம் வகுப்பில் அடிதடி. மதியத்துக்குள் தொண்டை போய்விட்டது. தெர்மாகோல் எரிமலையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்ய?

அந்தப் பிள்ளைகள் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டு, கேரளத்து மலையாளம் பேசுவார்களோ என்று பயந்துகொண்டே நான் பஸ் ஏறினேன் என்று சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. மலையை ஆள்கிறவர்கள் என்பதால் மலையாளி. அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பிகளில் மூத்தவர் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் தங்கினார், மற்றவர்கள் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள் என்று அவர்களிடம் ஒரு வழிவழிக் கதை உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வந்துவிடும் மலை. அங்கே யார் இருக்கிறார்கள் என்று சேலத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை, ஆசிரியர் ஆவதற்கான இரண்டு ஆண்டுப் படிப்பிலும் யாரும் சொல்லவில்லை.

நவம்பர் பிறந்ததும் இன்னொன்று தெரிந்தது. காபிப் பழம் பறிக்கும் சீசன் ஆரம்பித்தால் ஜனவரி வரைக்கும் வகுப்பு பாதியாகிவிடும். அம்மா அப்பா விடியற்காலையில் தோட்டத்துக்குப் போவார்கள். பெரிய பிள்ளைகள் கூடவே போகும், இல்லையென்றால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும். முதல் வருடம் நான் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கோபப்பட்டேன். இரண்டாம் வருடம் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டே வகுப்புக்கு வரச் சொன்னேன். வந்தார்கள். நேற்று உங்கம்மா எத்தனை கிலோ பறித்தாள், கிலோவுக்கு எவ்வளவு கூலி, மொத்தம் எவ்வளவு வர வேண்டும், கையில் எவ்வளவு வந்தது என்று நான்காம் வகுப்புக்குப் பெருக்கலும் கழித்தலும் அதிலேயே நடந்தது. மூன்று மாதமாக என்னிடம் வாயே திறக்காத ஒரு பெண், கூலிக் கணக்கில் நான் செய்த தப்பைத் திருத்தினாள். அன்றிலிருந்து அவள்தான் இரண்டாம் வகுப்புக்குச் சட்டாம்பிள்ளை.

சட்டாம்பிள்ளை என்றதும் உங்களிடம் படித்த கல்வி வரலாறு நினைவுக்கு வருகிறது. சென்னை எழும்பூரில் அநாதைப் பிள்ளைகள் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்துத் தன் பள்ளியில் செய்துபார்த்தார். இங்கிலாந்துக்குப் போய் அதைப் பரப்பினார். அங்கே அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். பரீட்சைக்கு ஐந்து மார்க் கேள்வியாக அதைப் படித்தோம். ஐந்து வகுப்பை ஒருத்தியாக வைத்துக்கொண்டு தவிக்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும் என்று தெரிந்திருந்தால் முதல் வருடம் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன்.

இப்போது அரசுப் பள்ளிகளில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்திருக்கிறது, 2022-இலிருந்து. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து நடத்துகிறோம். நல்ல புத்தகங்கள், நல்ல பாட்டுகள். ஆனாலும் எந்தக் குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல ஒரு கண் வேண்டும். அந்தக் கண் எங்கள் கணக்கு சார் மாதிரி யாராவது பக்கத்தில் வந்து நின்றால்தான் கிடைக்கும். அதனால்தான் மூடாதீர்கள் என்று கெஞ்சுகிறேன்.

கெஞ்சிவிட்டு மட்டும் போகமாட்டேன். எங்கள் வகுப்புத் தோழிகள் ஒன்பது பேர் சேர்ந்து பேசினோம். எங்களுக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

முதலில் பணம். வேலையில் இருக்கும் ஆசிரியர்களும் டெட் தேறியிருக்க வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வுக்கு விட்டிருக்கிறார்கள். சேலத்தில் 40, 45 வயதில் பிள்ளைகளைப் படிக்கவைத்துக்கொண்டே டெட் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் டீச்சர்கள் எத்தனையோ பேர். முதல் தாளில் 150 மார்க்; குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல், ஒவ்வொன்றும் 30. இந்த ஐந்தையும் உங்கள் விரிவுரையாளர்கள் தினமும் நடத்துகிறார்கள். மாலையிலும் சனிக்கிழமையிலும் அந்த டீச்சர்களுக்கு வகுப்பு வையுங்கள். கட்டணம் வாங்குங்கள். தனியார் கோச்சிங் சென்டருக்குப் போகும் பணம் உங்களுக்கு வரட்டும். வாரம் ஒரு நாள் வந்து இலவசமாக எடுக்க எங்களில் மூன்று பேர் தயாராக இருக்கிறோம்.

இரண்டாவது, நீங்கள் தனியாக முடியாது என்றால் மற்ற சபைகளோடு பேசுங்கள். ஆளுக்கு ஒரு கல்லூரியைத் தனித்தனியாக மூடுவதற்குப் பதில், சேர்ந்து ஒன்றையாவது காப்பாற்றலாமே. லண்டன் மிஷன்காரர்கள் 1827-இல் சேலத்துக்கு வந்தார்கள். அதற்கும் முன்னால் தரங்கம்பாடியில் சீகன்பால்கு பள்ளி நடத்தியதோடு நிற்காமல், பள்ளிக்கு ஆசிரியர்களைப் பழக்கவும் ஓர் இடம் அமைத்தார். சபைப் பிரிவினை பார்த்து நிறுத்திவிட வேண்டிய வேலை இல்லை இது. சபைக்குள் இருக்கும் சங்கடங்கள் வெளியாளான எனக்குத் தெரியாமல் இருக்கலாம், தப்பாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். அந்த 11 பேரையும் மலைக்கு அனுப்புங்கள். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிப்படி இந்தப் படிப்பில் 20 வாரம் பள்ளியில் இருக்க வேண்டும், இரண்டாம் ஆண்டில் மட்டும் 16 வாரம். அதில் பாதியையாவது ஈராசிரியர் பள்ளிகளில் வையுங்கள், நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும். சரியாகக் காபி சீசன். பள்ளிக்கு இரண்டு பேர் வந்தால் போதும். ஒருவர் கைக்குழந்தைகளோடு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம், ஒருவர் பத்து நாள் வராமல் போய்த் திரும்பி வந்த பிள்ளைக்கு விட்டதைச் சொல்லிக்கொடுக்கலாம். பிள்ளைகள் சீசனில் படிப்பை விடாமல் இருப்பார்கள், உங்கள் மாணவிகளும் என் மாதிரி முதல் வருடத்தை அழுது கழிக்க மாட்டார்கள். அனுமதிக்கு வட்டாரக் கல்வி அலுவலகத்திலும், மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமான உத்தமசோழபுரம் டயட்டிலும் பேச வேண்டும். நானும் கூட வருகிறேன்.

எங்கே தங்குவது என்று கேட்பீர்கள். மழை நாளில் தினமும் சேலத்திலிருந்து ஏறி இறங்க முடியாது, 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து சாலை அடைபட்டதைப் பார்த்தோம். ஏற்காட்டில் சபைகளுக்கு ஓய்வு இல்லங்களும் தியான இல்லங்களும் இருக்கின்றன. மே மாதத்தில்தான் அங்கே இடம் கிடைக்காது. நவம்பரில் வார நாட்களில் அறைகள் சும்மாதான் கிடக்கும். 11 பெண்களுக்கு ஒரு கூடமும் ஓர் அடுப்பும் போதும். அரிசி பருப்புச் செலவை நாங்கள் ஒன்பது பேரும் பார்த்துக்கொள்கிறோம், இதை எழுதியே தருகிறோம்.

ரெக்கார்டு நோட்டை மட்டும் கொஞ்சம் குறையுங்கள். ஜிகினா வேண்டவே வேண்டாம்.

நிர்வாகக் குழு அடுத்த மாதம் கூடுகிறது என்று மிஸ் சொன்னார்கள். முடிவு எடுப்பதற்கு முன் எங்களை அரை மணி நேரம் உள்ளே கூப்பிடுங்கள். அதற்கும் முன்னால் உங்களில் யாராவது ஒருவர், முடிந்தால் கணக்குப் பார்ப்பவர், ஒரு நாள் என் பள்ளிக்கு வந்து காலை மணி அடிப்பதிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் வரை இருந்து பாருங்கள். எந்த நாள் வருகிறீர்கள் என்று தமிழ் மிஸ்ஸிடம் சொன்னால் போதும், அவர்களிடம் என் நம்பர் இருக்கிறது. குளிர் இருக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் 2010–12 ஆண்டு மாணவி,
இடைநிலை ஆசிரியை, ஏற்காடு ஒன்றியம்